‘ஜூரர் நம்பர் 2’ படமும் நிற்காமல் போகும் வண்டிகளும்

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி 2024இல் வந்த ‘ஜூரர் நம்பர் 2’ படத்தைப் பார்த்த நண்பர்கள், அதில் வரும் ஜூரியின் (வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் சாதாரணக் குடிமக்களில் ஒருவர்) இடத்தில் நீங்கள் இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா என்று கேட்கிறார்கள். விபத்து வழக்குகள் நடத்தும் வக்கீலாக எனக்கு அந்த இரவு ரோட்டில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

கதை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடக்கிறது. காதலியைக் கொன்றதாக ஒருவன் மீது வழக்கு. ஜூரியில் ஒருவனான ஜஸ்டினுக்கு, விவரம் கேட்கக் கேட்க, அதே இரவு அதே இடத்தில் மழையில் தன் கார் எதன் மீதோ மோதியது நினைவுக்கு வருகிறது. இறங்கிப் பார்த்திருக்கிறான், யாரும் தெரியவில்லை, மான்கள் கடக்கும் இடம் என்ற பலகை இருந்தது, மான்தான் என்று நினைத்துக் கிளம்பிவிட்டான். இப்போது வாயைத் திறந்தால் அவனுக்குச் சிறை, திறக்காவிட்டால் இன்னொருவனுக்கு. வீட்டில் மனைவி கர்ப்பிணி. முடிவை நான் சொல்லப்போவதில்லை.

என்னை உலுக்கியது வேறொரு காட்சி. ஜஸ்டின் தனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போய், அன்று பாரில் மது வாங்கினேன், ஆனால் குடிக்கவில்லை என்கிறான். ஏற்கெனவே குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் நீ, இப்போது யார் நம்புவார்கள் என்பதுதான் அவர் பதிலின் சாரம். அவர் சொல்வது சரிதான். அன்றைக்கே போலீசுக்குத் தகவல் சொல்லியிருந்தால், வாயால் ஊதச் சொல்லும் சோதனையே அவனுக்குச் சாட்சியாக நின்றிருக்கும். பல மாதம் கழித்து நான் குடிக்கவில்லை என்று வெறும் வாயால்தான் சொல்ல முடியும்.

ஜூரி முறை இந்தியாவில் எப்போதோ போய்விட்டது. ஆனால் “ஏதோ இடிச்ச மாதிரி இருந்துச்சு சார், பயத்துல நிக்கல” என்று வருகிறவர்களை என் அலுவலகத்தில் நிறையப் பார்க்கிறேன். அதற்குள் உடைந்த ஹெட்லைட்டை மாற்றி, பம்பருக்குப் பெயின்ட் அடித்து, நாய் குறுக்கே வந்ததாக இன்சூரன்ஸில் கிளைமும் போட்டிருப்பார்கள். கேமராவை வைத்து வண்டியைக் கண்டுபிடித்துவிட்டால் விபத்தோடு விஷயம் முடியாது, தடயத்தை அழித்ததாகவும் வழக்கு சேரும், அது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவு.

நின்றால் கூட்டம் அடித்துவிடும் என்று பயப்படுகிறீர்களா? அந்தப் பயம் நியாயமானதுதான், சட்டமும் அதை ஏற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவின்படி அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை, கூட்டத்தின் ஆவேசத்தாலோ அவர் கையை மீறிய வேறு காரணத்தாலோ முடியாமல் போனால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. அப்போதும் நேராக வீட்டுக்குப் போய்விடக் கூடாது. 108க்குப் போன் செய்யுங்கள், பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்கள். கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் என்கிறது சட்டம், நான் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள் என்பேன். விபத்து நடந்தது என்று சொல்வதும் கவனக்குறைவாக ஓட்டினேன் என்று ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல, கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு.

அப்புறம் அடிபட்டவர் குடும்பம். வண்டி எது என்று தெரிந்தால் இறந்தவரின் வயது, வருமானம் பார்த்துத் தீர்ப்பாயம் இழப்பீடு நிர்ணயிக்கும், இன்சூரன்ஸ் உள்ள வண்டியென்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனிதான் கட்டும். வண்டியே தெரியாவிட்டால், உயிர் போனதற்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், அவ்வளவுதான். சம்பாதிக்கிறவரை இழந்த வீடு அந்த 2 லட்சத்தில் எத்தனை நாள் ஓடும்? ஓட்டியவர் நிற்காமல் போன ஒரே காரணத்தால் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோன வீடுகள் எனக்குத் தெரியும்.

மோதியது மனிதனா மிருகமா என்று தெரியாவிட்டாலும் இதே வழிதான். ஓரமாக நிறுத்தி, நான்கு விளக்கையும் போட்டு, டார்ச் அடித்து சாலையை மட்டுமல்ல, பள்ளத்தையும் புதரையும் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் 100க்கு அடித்து இடத்தைச் சொல்லிவிடுங்கள். போலீஸ் வந்து பார்க்கும்வரை வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடாதீர்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள்.