ஒரு மிக்சிக்குள் 540 ரூபாய் வரி

தியாகராய நகரில் 3,540 ரூபாய்க்கு ஒரு மிக்சி விற்கும் கடைக்காரர், அதிலுள்ள 540 ரூபாய் வரியில் 90 ரூபாயை மட்டுமே தம் பங்காகக் கட்டுகிறார். இதில் மோசடி ஏதும் இல்லை, மதிப்புக் கூட்டு வரி வேலை செய்யும் விதமே இதுதான். 1954-இல் மாரிஸ் லோரே என்ற அதிகாரியின் முயற்சியால் பிரான்சில் நடைமுறைக்கு வந்த இம்முறை, தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 முதல் ‘வாட்’ ஆகவும், 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி ஆகவும் வழங்கி வருகிறது. பெட்ரோல், டீசல், மது போன்ற சில மட்டும் இன்னும் பழைய வாட்டிலேயே இருக்கின்றன.

கோவைத் தயாரிப்பாளர் அந்த மிக்சியைப் பாரிமுனை மொத்த வியாபாரிக்கு 2,000 ரூபாய்க்கு விற்று, 18 சதவீத வரியாக 360 ரூபாய் வசூலிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வியாபாரி 2,500-க்கு விற்று 450 வசூலிக்கிறார். ஏற்கெனவே கொடுத்த 360-ஐ ‘இன்புட்’ என்று கழித்துக்கொண்டு 90 கட்டுகிறார். சில்லறைக் கடைக்காரர் 3,000-க்கு விற்று 540 வசூலித்து, 450-ஐக் கழித்து 90 கட்டுகிறார். 360, 90, 90 ஆகியவற்றைக் கூட்டினால் 540. ஒவ்வொருவரும் தாம் கூட்டிய மதிப்புக்கு மட்டுமே வரி கட்டியிருக்கிறார்கள்.

வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிக்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். 3,540-ஐ 18-ஆல் பெருக்கி 118-ஆல் வகுத்தால் 540 வரும். நேராக 18 சதவீதம் போட்டால் 637 ரூபாய் 20 காசு என்ற தவறான விடைதான் கிடைக்கும்.

‘பில் இல்லாமல் 3,300-க்குத் தருகிறேன்’ என்ற பேச்சின் கணக்கையும் பார்த்துவிடலாம். வாங்குபவருக்கு 240 ரூபாய் மிச்சம். கடைக்காரர் 450 இன்புட்டை வேறு விற்பனையின் வரியில் கழித்துக்கொண்டால், நேர்மையான லாபமான 500-க்குப் பதில் 800 கிடைக்கிறது, அதாவது 300 கூடுதல். இரண்டையும் கூட்டினால் அதே 540. அரசின் பணத்தை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. கொள்முதல் மட்டும் பதிவாகி விற்பனை பதிவாகாத அந்த மிக்சியோ, கணக்குப்படி இன்னும் கடையிலேயே இருக்கும்.

பில் ஒழுங்காகப் போட்டும் தவறுபவர்கள் உண்டு. வசூலித்த வரியை ரொட்டேஷனில் விட்டு, கெடு நாளில் கைபிசைவது சிறு வணிகத்தில் சாதாரணம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி உண்டு. வரிப்பணத்தை வாரந்தோறும் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுவது இதற்கு எளிய வழி. சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டமான காம்போசிஷன் முறையில் இருக்கும் வியாபாரியோ, விற்றுமுதலில் ஒரு சதவீதத்தைத் தம் கையிலிருந்தே கட்டவேண்டும். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க அவருக்கு உரிமையே இல்லை.

தாமதம் அடுத்தவரையும் பாதிக்கிறது. மாதந்தோறும் கணக்குக் காட்டும் மொத்த வியாபாரி, தம் விற்பனையை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் பதிவேற்றாவிட்டால், 14-ஆம் தேதி கடைக்காரருக்கு வரும், அவர் கழித்துக்கொள்ளக்கூடிய இன்புட்டைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அந்த 450 இருக்காது. 90 கட்டவேண்டியவர் அம்மாதம் 540-ஐயும் கட்ட நேரும். அதனால்தான் விவரம் தெரிந்த கடைக்காரர்கள், 2பி-யில் பில் ஏறியதைப் பார்த்த பிறகே மொத்த வியாபாரிக்குப் பாக்கியைத் தீர்க்கிறார்கள்.