பெட்டியை மாற்றுங்கள், வயரை வெட்டாதீர்கள்

மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரைப் பக்கமாக ஒரு வீடு. வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒழுங்கை முழுக்க ரீச்சர் என்றுதான் கூப்பிடும். நான் போனபோது ஹோலில் இருந்த கெமராவின் மேல் ஒரு துவாய் தொங்கியது. கனடாவில் இருக்கும் மகன் போன முறை வந்தபோது பூட்டிவிட்டுப் போன கெமரா அது. "அவன் என்னேரமும் பாத்துக்கொண்டிருந்தா நான் எப்பிடித் தம்பி இந்த வீட்டுக்குள்ள இரிக்கிற?" என்றார்.

மகனுடைய உத்தரவு வேறு. சுவரில் இருக்கிற பழைய அலாரத்தை வயரோடு கழட்டி எறிந்துவிட்டு, போனில் பார்க்கக்கூடிய வைஃபை செட் ஒன்று பூட்ட வேண்டுமாம். அந்த அலாரம் வீடு கட்டிய காலத்தில் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பூட்டியது. எட்டுக் கதவு யன்னல்களில் காந்த சுவிட்ச், மூன்று இடங்களில் அசைவு சென்சர், வெளியே சைரன், அலுமாரிக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி. நாலைந்து வருடமாக யாரும் அதைப் போடவில்லை.

இப்படியான வீடுகளுக்கு நான் போய்ச் சேர முன்னமே யாராவது குறட்டோடு வந்து வயரைச் சுவர் மட்டத்தோடு வெட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ரீச்சர் வீட்டில் நல்ல காலம், யாரும் கை வைக்கவில்லை. இந்தக் கட்டுரையே அந்தக் குறட்டுக்காரர் வர முன்னம் நீங்கள் வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பழைய அலாரத்தில் கிழடு தட்டுவது பெட்டிக்குள் இருக்கிற மூளைதான். வயருக்கு வயது போவதில்லை. கதவில் இருக்கும் காந்த சுவிட்ச் எவ்வளவு எளிய சாமான் தெரியுமா? மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் கிட்ட வந்தால் ஒட்டும், விலகினால் பிரியும். கண்ணாடிக்குள் இருப்பதால் நம்முடைய உப்புக் காற்று உள்ளே போகாது. அதற்குப் பற்றரியும் இல்லை. அதைக் கழட்டிவிட்டு வைஃபை சென்சர் பூட்டினால் எட்டுக் கதவுக்கு எட்டுப் பற்றரி. எது எப்போது செத்தது என்று ஏணி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் 70 வயது கடந்த ஒரு மனிசி.

உப்பு பிடிப்பது வயரின் இரண்டு முனைகளில், ஸ்குரூ இறுக்கிய இடத்தில். பச்சை பூத்திருக்கும். அதனால் எதையும் வாங்க முன்னம் ஒரு மல்ரிமீற்றர் எடுங்கள். பெட்டியில் கரண்டையும் பற்றரியையும் கழட்டிவிட்டு, ஒவ்வொரு கதவின் சோடி வயரையும் தனியாக எடுத்து, கதவை மூடி மின் தடையை அளவுங்கள். வழமையான அலாரம் வயர் 30 மீற்றர் ஓடினால், போக வர 60 மீற்றர், மூன்று ஓம் சொச்சம்தான் காட்ட வேண்டும். நாற்பது ஐம்பது காட்டினால் எங்கோ ஒரு பொருத்து உக்கியிருக்கிறது. (என்னோடு வேலைக்கு வருகிற பொடியனிடம் "எத்தின ஓம்?" என்று கேட்டால் "ஓம் அண்ணே" என்பான். மூன்று வருடமாக இந்தப் பகிடி ஓடுகிறது.)

ஆயிரக்கணக்கில் காட்டினால் பயப்பட வேண்டாம். அது வயரின் கடைசியில் வேண்டுமென்றே போட்ட சின்னத் தடை, றெசிஸ்டர். பனல், அதாவது பெட்டிக்குள் இருக்கிற அந்த மூளை, டிஎஸ்சி கம்பெனியின் என்றால் 5,600 ஓம். பச்சை, நீலம், சிவப்பு வளையம் இருக்கும். ஹனிவெல் விஸ்டா வகையில் 2,000, பாரடொக்ஸில் 1,000. யாராவது வயரை நசுக்கிச் சேர்த்துவிட்டால் பனலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் போடுவது. அது கதவடியில் இருந்தால்தான் பயன். ரீச்சர் வீட்டில் எட்டு றெசிஸ்டரும் பெட்டிக்குள்ளேயே வரிசையாகத் தொங்கின. பூட்டியவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ.

இனி மூளை. பழைய பனலின் இன்ஸ்டோலர் கோட், அதாவது அதன் அமைப்பை மாற்றப் பூட்டியவர் பாவிக்கும் இரகசிய எண், உங்களிடம் இருந்தால் வழி இலகு. டிஎஸ்சி, ஹனிவெல் பனல்கள் பலவற்றுக்கு கீபேட் வயரிலேயே இணைக்கக்கூடிய என்விசாலிங்க் போன்ற சின்னப் போர்டு இருக்கிறது. பனல் தன் வேலையைப் பார்க்கும், போர்டு செய்தியை வெளியே சொல்லும். ஆனால் மட்டக்களப்பில் நான் பார்த்த வீடுகளில் அந்தக் கோட் யாரிடமும் இல்லை. பூட்டியவர் இப்போது எங்கே என்றும் தெரியாது. அப்போது பனலை எடுத்துவிட்டு, அதே வயர்களை ஈஎஸ்பி32 வகைப் போர்டு (வைஃபை உள்ள ஒரு குட்டிக் கொம்பியூட்டர்) ஒன்றுக்குக் கொண்டுபோகலாம். கனெக்டட் போன்ற ஆயத்தப் போர்டுகள் இதற்கென்றே வருகின்றன.

இங்கே என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் தடவை செய்தபோது, பழைய பனலும் ஓடட்டும், புதுப் போர்டும் ஓடட்டும் என்று ஒரே கதவு வயரை இரண்டிலும் இணைத்தேன். பனலில் கதவு வயர் சேரும் இடத்தில் நிற்பது 12 வோல்ற் பக்கம், போர்டில் அது சேரும் கால் தாங்குவது 3.3 வோல்ற். புகைகூட வரவில்லை. போர்டு சத்தமில்லாமல் செத்துப்போனது. ஒரு வயருக்கு ஒரு எசமான். இரண்டும் வேண்டுமென்றால் அதற்கென்று செய்த இணைப்பு முறையைத்தான் பாவிக்க வேண்டும். இரண்டாவது பிழை, போர்டை அந்த இரும்புப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடியது. மூடியைத் திறந்தால் வைஃபை வரும், மூடினால் போகும். அரை நாள் ரவுட்டரைத் திட்டினேன். இந்தப் போர்டுகளில் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டும் பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். முடிந்தால் நெற்வேர்க் கேபிளே இழுத்துவிடுங்கள்.

அநேகமானோர் யோசிக்காத இடம் இன்னொன்று. பழைய அலாரம் ரெலிபோன் லைனில் அழைப்பு எடுக்கும். அந்தச் செப்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ற் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்தது அதனால்தான். இப்போது பல வீடுகளுக்கு வருவது ஃபைபர். கண்ணாடி நாரில் கரண்ட் வராது. சுவரில் இருக்கிற அந்த வெள்ளைப் பெட்டிக்கு மின் போனால் போனும் போச்சு, இன்ரநெற்றும் போச்சு, கனடாவுக்குப் போகிற செய்தியும் போச்சு. கள்ளன் கரண்ட் இல்லாத இரவைத்தானே பார்ப்பான்?

நம் நாட்டில் இது கற்பனை இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி நாடே இருண்டது. பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ற், 7 அம்பியர் மணி பற்றரி அலாரத்தை மட்டும் நடத்த ஒரு நாளுக்குக் கிட்டத் தாங்கும், புதிதாக இருந்தால். மூன்று தொடக்கம் ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டிய சாமான் அது. ரீச்சர் வீட்டுப் பற்றரி பலாக்கொட்டை மாதிரி வீங்கியிருந்தது. ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இதே பற்றரியில் கொழுவாதீர்கள், பனல் அவ்வளவு கரண்ட் கொடுக்காது. அவற்றுக்குத் தனியாக ஒரு மினி யூபிஎஸ் போடுங்கள்.

எத்தனை யூபிஎஸ் போட்டாலும், சைரன் இன்ரநெற்றை நம்பி இருக்கக்கூடாது. இதில் மட்டும் நான் யாரோடும் விட்டுக்கொடுப்பதில்லை. கதவு திறந்தால் சைரன் அடிக்கிற முடிவு வீட்டுக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் இன்ஸ்ரியோன் என்ற ஸ்மார்ட் ஹோம் கம்பெனி 2022 ஏப்ரலில் முன்னறிவித்தல் இல்லாமல் சேர்வர்களை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் அப் ஒரே நாளில் செத்தது. அதனால் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் போல வீட்டுக்குள்ளே ஓடுகிற ஒன்றைத்தான் நான் போடுவேன். சைரனை ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்) வழியாகப் போர்டிலேயே கட்டிவிடுவேன். போனுக்குப் போகிற செய்தி அதற்கு மேல் ஒரு வசதி. பாஸ்வேர்டைப் பற்றி நீட்ட விரும்பவில்லை: கீபேட்டில் இன்னும் 1234 இருந்தால் இதை வாசித்து முடித்த கையோடு மாற்றுங்கள்.

அசைவு சென்சருக்கு நம்மூர் ஒரு சோதனைக் களம். அது பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் சுவர்ச் சூட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை. கச்சான் அடிக்கிற ஆனி ஆடியில் பூட்டிக் கிடக்கும் ஹோல் மத்தியானத்தில் 35 பாகையைத் தொட்டால், ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் சுருங்கிவிடும், சென்சர் மந்தமாகும். ஆகவே கதவு சுவிட்ச் இல்லாமல் அசைவு சென்சரை மட்டும் நம்ப வேண்டாம். மற்றப் பக்கம் பல்லி. சென்சரின் முகப்பு மேல் பல்லி ஓடினால் அதற்கு அது யானை. ரீச்சரின் குசினி சென்சருக்குள் எறும்பு மண் கட்டியிருந்தது. தூரிகையால் தட்டி, வயர் நுழையும் துளையைச் சிலிக்கனால் அடைத்தேன். நீண்ட வயர் மின்னலைக் கூட்டிவரும். ஐப்பசி பிறக்க முன்னம் பெட்டியின் எர்த்தைச் சோதியுங்கள்.

ரீச்சர் வீட்டில் கடைசியில் வாங்கியது ஒரு போர்டு, ஒரு பற்றரி, ஒரு யூபிஎஸ், ஹோம் அசிஸ்டன்ட் ஓட ஒரு சின்னக் கொம்பியூட்டர். வயர் ஒரு அடி கூட வாங்கவில்லை. மகனோடு போனில் நீண்ட நேரம் கதைத்தேன். அவருக்கு அம்மாவின் படம் தேவையில்லை, அம்மா எழும்பிவிட்டா என்பதுதான் தெரிய வேண்டும் என்று கதைக்கக் கதைக்க அவருக்கே விளங்கியது. காலை ஏழு மணிக்குள் குசினியில் அசைவு இல்லாவிட்டால் அவருக்கும் பக்கத்து வீட்டுக்கும் செய்தி போகும். இரவில் ரீச்சர் எழும்பி நடந்தால் நடைபாதை லைற் தானாக எரியும். அதே பழைய சென்சர்தான். கெமராவைக் கழட்டித் துவாயோடு அவரிடமே கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ரீச்சர் போன் எடுத்தார். இரவு பதினொரு மணிக்குப் பின்கதவு ஏன் திறக்கிறது என்று மகன் விசாரிக்கிறாராம். பூனைக்குச் சோறு வைக்கிறதாம், மகனுக்குப் பூனையே பிடிக்காதாம்.

"தம்பி, அந்தப் பின்கதவ மட்டும் அவனுக்குத் தெரியாமச் செய்யேலுமா?"

சைரன் அப்படியே இருக்கும், செய்தி மட்டும் போகாது என்றேன். இரண்டு நிமிட வேலை. காசு வாங்கவில்லை.