தண்ணி திரும்புற வரைக்கும் காத்திருந்த கூர்பே

1884 ஆகஸ்ட் 23, சீனாவுல பிரெஞ்சுக் கப்பல்படையும் சீனக் கப்பல்படையும் மோதின ஃபூச்சோ சண்டை பத்தி போன வாரம் எழுதினதுக்கு ஒரு வாசகர் கேட்டிருந்தார், ரெண்டு பக்கமும் பீரங்கி இருந்துச்சே, சீனாவோட 11 கப்பல்ல 9 எப்படி அப்படி காலியாச்சுன்னு. பிரெஞ்சுக்காரங்க பக்கம் செத்தது 10 பேர், சீனா பக்கம் நூத்துக்கணக்குல.

பீரங்கி, டார்பிடோ, அனுபவம் எல்லாமே பிரெஞ்சு பக்கம் ஒசத்திதான், அது தெரிஞ்ச கதை. எனக்குப் பிடிச்சது ஓதம், அதாவது கடல் தண்ணி ஏறி வத்துறது. ஃபூச்சோ பக்கத்துல ஓடுற ‘மின்’ங்கிற ஆத்துல, மாவேய்ங்கிற இடத்துகிட்ட ரெண்டு படையும் வாரக்கணக்கா பக்கத்துப் பக்கத்துல நங்கூரம் போட்டு நின்னுச்சு, பிரெஞ்சு தளபதி அட்மிரல் கூர்பே சண்டைக்கு குறிச்ச நேரம் மத்தியானம் 2 மணி, ஏன்னா அப்பதான் கடல் ஏத்தம் முடிஞ்சு தண்ணி வத்த ஆரம்பிக்கும்.

ஆத்துல ஒரு முளைக்குச்சி அடிச்சு வாழைமட்டையோட ஒரு நுனிய மட்டும் கட்டி விட்டுப் பாருங்க. கொஞ்சம் கோணலா நின்னா ஓட்டம் அதோட விலாவுல மோதும், அந்த விசை கட்டுன இடத்துக்குப் பின்னாடிதான் விழும், அதனால நாம ஸ்கூல்ல படிச்ச அதே திருப்புத்திறன் மட்டைய நேராக்கி, கட்டுன நுனி ஓட்டத்த எதிர்த்து நிக்கிற மாதிரி வச்சிடும். நங்கூரம் போட்ட கப்பலும் இதேதான், சுமார் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓட்டம் மாறும்போது மொத்தக் கப்பலும் அப்படியே சுத்தி மறுபக்கம் பாத்து நிக்கும்.

இப்ப இடத்த கவனிங்க. சீனாவோட முக்கியமான கப்பல்கள் பிரெஞ்சு கப்பல்களுக்கு மேல்பக்கம், ஆத்தோட உள்பக்கமா நின்னுச்சு. ஏத்தம் இருக்கிற வரைக்கும் எல்லார் முகமும் கடல் பக்கம், அதாவது சீனக் கப்பல்களோட பெரிய முன்பீரங்கி நேரா பிரெஞ்சு பக்கம். வத்தம் வந்ததும் எல்லாரும் மேல் பக்கம் திரும்பிட்டாங்க, சீனாக்காரங்க முதுக காட்டிக்கிட்டு, பிரெஞ்சுக்காரங்க அந்த முதுகப் பாத்துக்கிட்டு! திருப்பணும்னா நங்கூரத்த தூக்கணும், இல்ல சங்கிலிய அறுக்கணும், அதுக்கெல்லாம் நேரமே கிடைக்கல. முதல்ல சுடக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு வேற. சீனக் கொடிக்கப்பல், அதாவது படைக்குத் தலைமைக் கப்பல், யாங்வூவ ஒரு சின்ன டார்பிடோ படகு ஆரம்பத்துலயே அடிச்சிடுச்சு, அரை மணி நேரத்துக்குள்ள முடிவு தெரிஞ்சு போச்சு.

நாள் நட்சத்திரம் பாத்து குறிக்கிற நேரம் இல்ல இது, கணக்குப் போட்டு குறிச்ச நேரம். ஓதம் அளக்குற கருவிக்கும் அத பாத்துக்கிற ஆளுக்கும் அரசாங்கம் காசு கொடுக்க யோசிக்கவே கூடாதுன்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கிறதுக்கு காரணம் இதுதான், சண்டைக்காக இல்ல, துறைமுகத்துக்கும் மீனவங்களுக்கும் தினமும் வேணும்.

ஓதத்தோட சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயம்: பிரெஞ்சுக்காரங்களோட பெரிய இரும்புக்கப்பல் த்ரியோம்ஃபாந்த் மாவேய் வந்து சேர்ந்ததும் சண்டை ஆரம்பிக்கிற அதே நேரத்துலதான், ஆத்துல தண்ணி முழுசா ஏறி நின்னப்போ.