மயிர்க்கால் மூடுவதற்குள்

கொட்டிய முடி திரும்ப முளைக்க வேண்டுமானால் மயிர்க்கால் உயிரோடு இருக்க வேண்டும். தழும்பு வழுக்கையில் அந்த மயிர்க்காலே அழிகிறது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதைத் தாக்குகின்றன; அது இருந்த இடத்தில் தழும்புத் திசு நிரம்பிவிடுகிறது.

மயிர்க்காலின் மேல்பகுதியில், எண்ணெய்ச் சுரப்பிக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு புடைப்பு உண்டு. புதுப்புது முடியை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் குடியிருப்பது அங்கேதான். புழுவெட்டில் அழற்சி அடிவேரைச் சுற்றித்தான் நடக்கும். ஸ்டெம் செல்கள் தப்பிவிடும், முடியும் மறுபடி வரலாம். தழும்பு வழுக்கையில் அடி விழுவது அந்தப் புடைப்பின் மேலேயே.

பெண்களுக்கு இது பல உருவங்களில் வருகிறது. உச்சந்தலையில் தொடங்கி வட்டமாகப் பரவுவது ஒரு வகை. லைக்கன் பிளானோபிலாரிஸ் என்ற வகையில் அங்கங்கே திட்டுத் திட்டாக முடி போகும். இன்னொன்றில் முன்நெற்றி மயிர்க்கோடு மெல்லப் பின்வாங்கும், புருவமும் உதிரும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதைக் கண்டு 1994இல் முதலில் விவரித்தவர் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் கோசார்ட். வயதாகிவிட்டது, நெற்றி ஏறுகிறது என்று இதைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அரிப்பு, எரிச்சல், தொட்டால் வலி இருந்தால் உடனே தோல் மருத்துவரிடம் போக வேண்டும். எதுவுமே இல்லாமலும் நோய் நகரும் என்பதையும் மறக்கக் கூடாது.

மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற தோல் உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கும்போது, முடி முளைக்கும் நுண்துளைகள் காணாமல் போய்த் தோல் வழவழவென்று தெரியும். ஓரத்தில் மிச்சமிருக்கும் முடிகளின் அடியைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளைச் செதிலும் இருந்தால் நோய் இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். பயாப்சி எனும் திசுப் பரிசோதனைக்கு 4 மி.மீ. அளவில் தோலை எடுப்பதும் அந்த ஓரத்தில்தான். வழுக்கையின் நடுவில் எடுத்தால் பழைய தழும்புதான் கிடைக்கும், எந்த நோய் என்று தெரியாது.

சிகிச்சையின் நோக்கம் மிச்சமிருப்பதைக் காப்பது. வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, தலைத்தோலில் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, டாக்ஸிசைக்ளின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைகள் எனப் பல வழிகள் உண்டு. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுப்பவர்கள் கண் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. நெற்றி வகைக்கு ஃபினாஸ்டிரைடு, டியூட்டாஸ்டிரைடு தருவதுண்டு. கர்ப்பமாகும் வாய்ப்புள்ளவர்களுக்கு இவை ஆகாது.

சரி, முடி மாற்று அறுவை? நோய் ஓரிரு ஆண்டாவது அடங்கியிருந்தால்தான் அதைப் பற்றி யோசிக்கலாம்; நோய் திரும்பினால் நட்ட முடியும் போய்விடும். அதுவரை நெற்றி வகைக்காரர்களுக்குப் புருவ மத்தியிலிருந்து மயிர்க்கோடு வரை அளந்து குறித்துவைப்பார்கள். அந்த அளவு ஏறாமல் நின்றால் மருந்து கேட்கிறது.