மட்டுறுத்தல்

மாடரேஷன் என்ற சொல்லுக்குத் தமிழில் மூன்று முகங்கள் உண்டு. தொலைக்காட்சி விவாதத்தை நடத்துபவர் நெறியாளர். கல்பாக்கம் அணு உலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் கனநீர், தணிப்பான். இணையதளத்துக்குப் பலரும் அனுப்புவதைப் பார்த்து வெளியிடுபவர் மட்டுறுத்துநர். மூலம் ஒன்றுதான்: லத்தீனில் ‘மோதுஸ்’ என்றால் அளவு.

தமிழில் மட்டு என்பதும் அளவே. மட்டுப்படுத்து, மட்டில்லாத என்கிறோமே, அந்த மட்டு. ‘உறுத்து’ என்றதும் கண்ணில் விழுந்த தூசு நினைவுக்கு வர வேண்டாம். அறிவுறுத்து, வலியுறுத்து என்பவற்றில் வரும் உறுத்துதான் இது. மட்டுறுத்துனர் என்றும் எழுதுகிறார்கள். மாநகரப் பேருந்தின் ஓட்டுநர், நடத்துநர் போல ‘நர்’ போடுவதே சரி.

மட்டுறுத்தலைத் தணிக்கை என்று சொல்லிவிடக் கூடாது. தணிக்கை கணக்கைச் சரிபார்க்கும், படத்தில் காட்சியை வெட்டும். கனநீரோ நியூட்ரானை மிக அரிதாகவே விழுங்கும். வேகத்தைக் குறைத்து அணுப்பிளவு தொடர வழிசெய்யும். உலை ஓடுவதே அதனால்தான். மட்டுறுத்துநரின் வேலையும் அதுவே.

ஒரு பாடத் தளத்தை ஆசிரியர்களுக்குத் திறந்துவிடும்போது முழுப் பாடத்தையும் எழுதச் சொல்லாதீர்கள்; பிழைதிருத்தம், கூடுதல் எடுத்துக்காட்டுக் கணக்கு, இவ்வளவு போதும். புதியவரின் முதல் 5 ஆக்கங்களுக்கு முன்மட்டுறுத்தல், அதாவது பார்த்த பிறகே வெளியீடு. அப்புறம் பின்மட்டுறுத்தல், அதாவது வெளியான பிறகு பார்ப்பது. பாடத்துக்கு இருவராவது வேண்டும். ஒருவரே இருந்தால் தேர்வுக் காலத்தில் வரிசை தேங்கும், எழுதியவர் திரும்பி வரமாட்டார்.

அதிகம் படுத்துவது எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் தட்டிய வினாத்தாளை அப்படியே ஒட்டினால், ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று விழும். ஒருங்குறி (யூனிகோட்) மாற்றியில் போட்டால் தமிழ் சரியாகும். ஆனால் இயற்கணிதத்தின் எக்ஸ் ‘ஒ’ ஆகும், ஒய் ‘ல’ ஆகும். ஆகவே சமன்பாடுகளைத் தனியே பிரித்துவைத்து, உரையை மட்டும் மாற்றுங்கள்.

மறுக்கும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: ‘3ஆம் படியில் குறி மாறியிருக்கிறது’, ‘இது விற்பனையில் உள்ள கைடிலிருந்து எடுத்தது, உரிமை இல்லை’. எதை ஏற்போம், எதை ஏற்கமாட்டோம் என்பது அனுப்பும் பெட்டிக்கு மேலேயே இருக்கட்டும். எழுதுபவர் கண்ணுக்கும் அந்த மட்டு தெரிய வேண்டும்.