இலையுதிர்காலமா, எந்த மரத்துக்கு?

தரம் நான்கில் படிக்கும் மகன் ஒருநாள் படப் புத்தகத்தோடு அடுப்படிக்கு வந்தான். தாள் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு காடு. "அம்மம்மா, இலையுதிர்காலம் எப்ப வரும்?" என்றான். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தாமலே கேட்டார்: "எந்த மரத்துக்கு அப்பன்?"

பகிடிக்குச் சொன்ன பதில் இல்லை அது. எங்கள் வளவு வேம்பு மாசி, பங்குனியில்தான் கொட்டும். காலையில் கூட்டிய முற்றம் மத்தியானத்துக்குள் மறுபடி மஞ்சளாகிவிடும். கிளுவை வேலி கோடையில் வெறும் தடியாய் நிற்கும். காட்டுக்குள் முதிரை வரட்சி முற்றினால் இலையை விட்டுவிடும். அதே வெயிலில், பக்கத்திலேயே பாலையும் வீரையும் தடித்த இலையோடு பச்சையாக நிற்கும். பாலை அந்த வெயிலில் பழமும் தரும், தின்றவன் உதடு ஒட்டிக்கொள்ளும் என்பது வேறு கதை. ஆக, மொத்தக் காட்டுக்கும் பொதுவாக ஓர் இலையுதிர்காலம் இங்கே கிடையாது.

அப்படியானால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் மூன்று விசயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: விளைச்சல் வீடு சேர்கிறது, இலை கொட்டுகிறது, குளிர் இறங்குகிறது. ஒவ்வொரு மொழியும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்துப் பெயர் வைத்தது. ஆங்கிலத்தில் அந்தப் பருவத்தின் பழைய பெயரே 'ஹார்வெஸ்ட்', அதாவது அறுவடை. ஜேர்மன் மொழியின் 'ஹேர்ப்ஸ்ட்' அதன் உடன்பிறப்பு. கிரேக்கத்தில் பழத்தைக் குறிக்கும் 'கார்ப்பொஸ்', லத்தீனில் பறிப்பதைக் குறிக்கும் 'கார்ப்பெரே' எல்லாம் ஒரே வேர்தான். இன்றைய ஆங்கிலப் பெயரான 'ஓட்டம்' (autumn) லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தின் இன்னொரு பெயரான 'ஃபோல்' (fall) என்பது 'இலை விழுதல்' என்ற தொடரின் சுருக்கம். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிறந்து, கப்பலேறி அமெரிக்காவில் தங்கிவிட்டது. ஸ்லாவிய மொழிகளில் 'லிஸ்தோபாத்' என்றாலும் இலை விழுதல்தான். ஆனால் போலந்திலும் செக் நாட்டிலும் அது நவம்பர் மாதம், குரோஷியாவில் ஒக்டோபர். ஒரே சொல்லுக்குள் ஒரு மாதம் நகர்ந்து கிடக்கிறது.

எங்களிடமும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பழைய ஆறு பருவங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அந்தச் சொல்லில் இலை இல்லை, குளிர்தான் இருக்கிறது. சமஸ்கிருதத்தின் சரத்தும் ஏறக்குறைய இதே இரண்டு மாதந்தான். ஆனால் அது வட இந்தியாவில் மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டதுபோல் தெளியும் காலம். வேதத்தில் ஆயுளையே அதால் எண்ணினார்கள்: நூறு சரத் வாழவேண்டும் என்று வேண்டினார்கள். சரற்சந்திரன் என்று புலவர்கள் கொண்டாடுவதும் அந்தத் தெளிந்த வானத்து நிலவைத்தான். சரி, அதே ஐப்பசியில் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் நிலவைத் தேடிப் பாருங்கள். வடகீழ்ப் பருவமழை இறங்கியிருக்கும், குளத்துக்குத் தண்ணீர் வரத்துத் தொடங்கியிருக்கும், காலபோக நெல் முளைத்திருக்கும். எங்கள் வாயில் இந்தப் பெயர்கள் எதுவும் வருவதில்லை. மாரி, கோடை, வாடைக்காற்று, சோளகக்காற்று, இவ்வளவும் போதும். காற்றையும் தண்ணீரையும் வைத்துத்தான் நாங்கள் வருசத்தைப் பிரிக்கிறோம்.

இலைக்கும் அதுதான் கணக்கு என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். இலை ஒரு செலவாளி. அதன் இலைவாய்கள் என்ற நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குளிர்நாட்டில் நிலம் உறைந்தால் வேரால் தண்ணீர் இழுக்க முடியாது, வெளிச்சமும் குறைவு. அந்த நிலையில் இலையை வைத்திருப்பது நட்டம். வரப்போகும் குளிரை மரம் பகலின் நீளத்தை வைத்தே அறிகிறது. லண்டனில் கோடைப் பகல் பதினாறரை மணி நேரம் போகும், மார்கழியில் எட்டு மணி நேரமும் தேறாது. கிளிநொச்சியில் ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். இங்கே பல மரங்களுக்கு மண்ணின் ஈரமே பெரிய சைகை. வேர் ஆழமா, இலை தடிப்பா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு மரமும் தன் தேதியைத் தானே குறிக்கிறது.

உதிரும் விதம் மட்டும் மேப்பிளுக்கும் வேம்புக்கும் ஒன்றுதான். நல்ல இலை ஒட்சின் என்ற ஓமோனைக் காம்பு வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த வரவு இருக்கும்வரை காம்பின் அடி இறுகிப் பிடித்திருக்கும். இலை தளர்ந்தால் வரவு குறையும். மரம் பச்சையத்தைப் பிரித்து, நைதரசன் போன்ற பெறுமதியானவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். பச்சை போனதும் ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரியும். மேப்பிளின் சிவப்பு அப்படியில்லை, அது கடைசி நேரத்தில் புதிதாய்ச் செய்யப்படுவது. அப்புறம் எதிலீன் என்ற வாயு வேலையைத் தொடங்கும். காம்படியில் மெல்லியதொரு படையிலுள்ள கலங்கள் நொதியங்களைச் சுரந்து, தங்களை ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கரைக்கும். பிறகு ஒரு சின்னக் காற்றுப் போதும்.

இந்த எதிலீன்தான் வாழைக்குலையையும் பழுக்க வைக்கிறது. கிடங்கு வெட்டி, குலையை இறக்கி, மூடிப் புகை போடுகிறோமே, அந்தப் புகையிலும் அது இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தெருக்களில் வாயு விளக்குக் குழாய்கள் கசிந்த இடங்களில் மரங்கள் பருவம் தப்பி இலை கொட்டின. கசிந்த வாயுவுக்குள் இருந்து செடிகளைக் குழப்பியது எதிலீன் என்று 1901இல் திமித்ரி நெல்யூபோவ் என்ற ரஷ்யர் காட்டினார். காய்க்கும் இலைக்கும் 'பழுத்தது' என்று ஒரே வினையைப் போட்டுவைத்த தமிழுக்கு எதிலீனைத் தெரிந்திருக்க நியாயமில்லை. இரண்டும் மஞ்சளாகி, தொட்டால் கையோடு வருவதைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பனை இந்த ஒழுங்குக்குள் வராது. அதன் ஓலைக்கு இப்படிக் கச்சிதமாய்க் கழன்று விழத் தெரியாது. காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்கிறோம், ஆனால் அந்தக் காவோலை மரத்திலேயே காய்ந்து தொங்கி, காற்றோ கத்தியோ வந்தால்தான் விழும்.

மகனைக் கிணற்றடிப் பப்பாசியிடம் கூட்டிப்போனேன். தண்டு முழுக்க இலை விழுந்த வடுக்கள். ஒவ்வொரு வடுவுக்குள்ளும் சின்னப் புள்ளிகள்: தண்ணீர் போய்வந்த குழாய்கள் அறுந்து அடைபட்ட இடங்கள். விரலால் தொட்டுத் தொட்டு முப்பதுவரை எண்ணிவிட்டு அலுத்துப்போனான். இரவு அவனது கொப்பியைப் பார்த்தேன். "இலையுதிர்காலம்: வேம்புக்கு மாசி. கிளுவைக்குக் கோடை. பப்பாசிக்கு எல்லா மாதமும்."