கார்பன் நியூட்ரல்: கரிமச் சமன்

ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் கேள்விப் பட்டியல்கள் வழியாகத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்குப் பழகிப்போன ‘கார்பன் நியூட்ரல்’ என்ற சொல், விமான நிலையங்களைப் பற்றிய பேச்சிலும் அடிக்கடி வருகிறது. பீளமேட்டு விமான நிலையத்தின் விரிவாக்கத்தை எதிர்நோக்கியிருக்கும் கோவையில் இதன் பொருளைத் தெளிவாக அறிந்திருப்பது அவசியம் என்று கருதுகிறேன். ஒரு நிறுவனம் வெளியிடும் கரியமில வாயுவுக்கு ஈடான அளவை வேறோர் இடத்தில் குறைத்தோ, மரங்களாலும் மண்ணாலும் உறிஞ்சவைத்தோ கணக்கை நேர்செய்வதே இச்சொல்லின் பொருள். உமிழ்வே இல்லை என்ற பொருள் இதற்கு இல்லை.

‘கார்பன்’ என்பதன் வேர், அடுப்புக்கரியைக் குறிக்கும் ‘கார்போ’ என்னும் இலத்தீன் சொல். 1787-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரும் அவருடைய தோழர்களும் வேதிப்பொருள்களுக்குப் புதுப்பெயர் முறை வகுத்தபோது, அதிலிருந்து இத்தனிமத்தின் பெயரை அமைத்தனர். ‘நியூட்ரல்’ என்பதற்கும் இலத்தீனே மூலம். ‘இரண்டில் எதுவும் அன்று’ என்பது அதன் முதற்பொருள். இவ்விரண்டும் இணைந்த தொடர் 2006-இல் ஓர் அமெரிக்க ஆங்கில அகராதியின் ‘ஆண்டின் சொல்’லாகத் தேர்வு பெறும் அளவுக்குப் பரவியது.

தமிழில் முதற்பாதி எளிது. கரி என்னும் பழஞ்சொல்லிலிருந்து கரிமம் வந்தது. கரியும் அமிலமும் சேர்ந்த கரியமில வாயு நெடுநாளாக வழக்கில் இருக்கிறது. சிக்கல் பிற்பாதியில்தான். பலரும் எழுதும் ‘கரிம நடுநிலை’ என்பதை நான் ஏற்கத் தயங்குகிறேன். நடுநிலை என்றதும் தமிழர் மனத்தில் எழுவது ஒரு பக்கமும் சாயாத அறம். அந்தச் சொல்லைச் சூட்டிய மாத்திரத்தில் நிறுவனத்துக்கு ஒரு நற்சான்று கிடைத்துவிடுகிறது. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்னும் குறள் தொடரில் உள்ள ‘சமன்’ இவ்விடத்துக்குப் பொருந்தும். தராசில் இரு தட்டுகள் உண்டு. எந்தத் தட்டில் எது வைக்கப்பட்டது என்று கேட்க அச்சொல்லே இடம் தருகிறது. ஆகவே ‘கரிமச் சமன்’ என்று எழுதலாம். ஈடாகச் செய்யப்படும் செயலைக் ‘கரிம ஈடு’ எனலாம்.

விமான நிலையங்களைப் பொறுத்தவரை, தட்டில் எது வைக்கப்படுகிறது என்பதே முழு விவகாரமும். புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களின் கணக்கில் மூன்று வட்டங்கள் உண்டு. நிலையம் தானே எரிக்கும் டீசல் போன்றவை முதல் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. பயணிகள் வந்துபோகும் வாகனங்கள், விமானங்கள் எரிக்கும் எரிபொருள் முதலிய ஏனையவை மூன்றாவது. 2009-இல் ஐரோப்பாவில் தொடங்கிய விமான நிலையக் கரிமச் சான்றளிப்புத் திட்டத்தின் ‘நியூட்ரல்’ படியில் ஈடு செய்யப்படுவன முதலிரண்டு வட்டங்களும் ஊழியர்களின் அலுவல் பயணமும் மட்டுமே. விமானம் பறக்கையில் வெளிவருவது அந்த ஈட்டில் சேர்வதில்லை. ஆனால் ஒரு டன் விமான எரிபொருள் எரிந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்வதால், சுமார் 3.16 டன் கரியமில வாயு உண்டாகிறது. முனையத்தின் விளக்குகளையும் குளிரூட்டிகளையும் விட மிகப் பெரிய பங்கு இதுவே.

2015-இல் கொச்சி விமான நிலையம் 12 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்து, முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமாயிற்று. அது மெய்யான சாதனை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் சுழலும் கொங்கு நாட்டில், பீளமேடும் அவ்வாறு இரண்டாம் வட்டத்தைக் குறைத்துக்கொள்ள முடியும். எனினும் 2,990 மீட்டர் ஓடுபாதையை நீட்டுவதும், அதற்கென 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுப்பதும் பெரிய விமானங்களை அதிக அளவில் வரவேற்பதற்காகவே. விரிவாக்கம் வளர்ப்பது மூன்றாவது வட்டத்தை. சரக்கைச் சென்னைக்கும் கொச்சிக்கும் பெங்களூருக்கும் ஏற்றி அனுப்பும் தொழில்முனைவோரின் தேவை உண்மையானது. அதை மறுக்க இக்குறிப்பு எழுதப்படவில்லை. அத்தேவைக்காக ஏற்கும் உமிழ்வு இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

நொய்யல் கரையில் இதைவிடக் கடுமையான சொல் ஒன்றை நாம் அறிவோம். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரெங்கும் ஒலித்த ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’, குழாய் முனையில் ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் விழக் கூடாது என்று சொன்னது. நொய்யலில் சாயத்தை விட்டுவிட்டுப் பவானியில் தூய்மைப் பணி செய்தேன் என்று எந்தப் பட்டறையும் கணக்குக் காட்ட முடியாது. கரியமில வாயு உலகக் காற்று முழுவதும் கலப்பதால், வேறிடத்து ஈடு கொள்கையளவில் செல்லும். ஆயினும் இன்று வெளியான வாயுவை இன்று நட்ட கன்று உறிஞ்சப் பல பத்தாண்டுகள் ஆகும்; கன்று பிழைக்காவிட்டால் ஈடும் இல்லை. இரைச்சல், கான்கிரீட் மூடிய நிலத்தில் இறங்காத மழைநீர், வற்றும் கிணறு ஆகிய எவையும் கரிமச் சமனின் கணக்கில் வருவதில்லை.

‘நெட் ஜீரோ’ இதிலிருந்து வேறானது. அதில் உமிழ்வை முதலில் இயன்ற மட்டும் குறைத்து, எஞ்சியதை மட்டும் காற்றிலிருந்து அகற்ற வேண்டும். ‘நிகரச் சுழியம்’ என்பது பொருத்தமான தமிழ். பன்னாட்டு விமானப் போக்குவரத்து இந்நிலையை 2050-க்குள் எட்ட வேண்டும் என்று 2022-இல் பன்னாட்டுக் குடிசார் வானூர்தி அமைப்பின் பேரவை இலக்கு வகுத்தது. இந்தியாவின் இலக்கு 2070.

ஆட்சிமொழியில் எழுதுகையில் சமனின் எல்லையையும் உடன் குறிப்பது நன்று: ‘இந்நிலையம் தன் எரிபொருள், மின்சாரப் பயன்பாட்டில் கரிமச் சமன் எய்தியுள்ளது, விமானங்களின் உமிழ்வு இதில் அடங்காது.’